ஏரியை வரைபடத்தில் ஏற்றத் தொடங்குவோருக்கு

தமிழ்நாட்டின் ஏரி, குளம், கண்மாய்ப் பாதுகாப்புக் குழுக்களுக்கு,

ஓர் ஏரியை வரைபடத்தில் ஏற்றுவது ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதுவதோடு முடிவதில்லை. ஏரிக்குக் கரை உண்டு, நீர்ப்பரப்பு உண்டு. பாசனத்துக்குத் திறக்கும் மடைகள் உண்டு, நிரம்பினால் மிகைநீர் வழியும் கலங்கல் உண்டு. மேலேயிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒருபுறம் என்றால், வழிந்த நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் கால்வாய் மறுபுறம். கணினி இவை எல்லாவற்றையும் மூன்றே வடிவங்களில் புரிந்துகொள்கிறது. மடையும் கலங்கலும் புள்ளிகள். கரையும் கால்வாயும் கோடுகள். நீர்ப்பரப்பும் ஆயக்கட்டும் பரப்புகள், அதாவது தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் மூடிய கோடுகள். இருப்பிடத் தரவு என்று சொல்லப்படுவது இந்த மூன்று வடிவங்களும், ஒவ்வொன்றோடும் சேர்த்து எழுதப்படும் விவரங்களும்தான்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாக அரசுக் கணக்கு. அவற்றில் பல சங்கிலித்தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். வரைபட வேலையில் இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் ஏரியின் உருவத்தை வரைவதில் தொடங்குகின்றன. அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை. ஏரியின் உருவம் செயற்கைக்கோள் படத்தில் யாருக்கும் தெரியும். இரண்டு மீட்டர் அகலமுள்ள, புதர் மூடிய வரத்துக்கால் தெரியாது. தூர்ந்துபோன மடை தெரியாது. சாலை போட்டபோது பாலம் இல்லாமல் மண் கொட்டி அடைத்த இடம் தெரியாது. ஊரில் பழைய நீர்க்கட்டிகளுக்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் மட்டுமே தெரிந்த அந்தத் தகவல்கள், அவர்கள் நடக்கக்கூடிய வயதில் இருக்கும்போதே உடன் நடந்து பதிவு செய்யப்பட வேண்டும். மற்ற எதையும் பிறகு பெற்றுக்கொள்ளலாம்.

பதிவு என்பது ஆயங்களைக் குறித்துக்கொள்வது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது அட்சரேகை. கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது தீர்க்கரேகை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் ஏறத்தாழ வடக்கு 13.08, கிழக்கு 80.27. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு: நான்காம் இலக்கம் சுமார் 11 மீட்டர், ஐந்தாம் இலக்கம் சுமார் 1 மீட்டர், ஆறாம் இலக்கம் 11 சென்டிமீட்டர். ஏரி வேலைக்கு ஐந்து இலக்கம் போதும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் மடை பக்கத்து ஊருக்குப் போய்விடும்; செல்போன் காட்டுகிறதே என்று பத்து இலக்கம் எழுதினால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொன்னதாகும்.

பழைய ஆவணங்களில் ஆயங்கள் பாகை, கலை, விகலை என்று இருக்கும். 13 பாகை 5 கலை என்பதை 13.05 என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே அது 13.0833. இந்த ஒரு பிழையால் இடம் 3.7 கிலோமீட்டர் தள்ளிப்போகும். அவ்வளவு தூரத்தில் பெரும்பாலும் வேறொரு ஏரி இருக்கும் என்பதால் பார்ப்பவர் கண்ணுக்குப் பிழை தட்டுப்படாமலே போய்விடக்கூடும்.

இன்னொரு பிழை, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. பேச்சிலும் கூகுள் மேப்ஸிலும் அட்சரேகை முதலில் வரும். இணைய வரைபடங்களில் பரவலாகப் பயன்படும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும் என்று 2016இல் வெளியான அதன் தரநிலை வரையறுக்கிறது. அதே ஜியோஜேசனைத் திரையில் காட்டும் லீஃப்லெட் நிரலில் நேரடியாக ஒரு புள்ளி வைத்தால் மறுபடி அட்சரேகை முதலில். தமிழ்நாடு அட்சரேகை 8 முதல் 13.5 வரையிலும் தீர்க்கரேகை 76 முதல் 80 சொச்சம் வரையிலும் இருப்பதால், வரிசை மாறிய தமிழ்நாட்டுப் புள்ளிகள் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியில் போய் விழும். புள்ளிகளை ஏற்றியதும் வரைபடம் வெறும் நீலமாகத் தெரிந்தால் முதலில் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது. ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் புள்ளிகள் குவிந்திருந்தால் காரணம் வேறு: ஆயம் எழுதாமல் விட்ட கட்டங்களை மென்பொருள் சுழியம், சுழியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

செல்போன் தரும் புள்ளி எவ்வளவு நம்பத்தக்கது? திறந்த வானத்தின் கீழ் பொதுவாக ஐந்து மீட்டர் அளவுக்குள் இருக்கும். பனந்தோப்புக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் இது மோசமாகும். போனை எடுத்தவுடன் அழுத்தாமல், ஓரிரு நிமிடம் நின்று, திரையில் காட்டும் துல்லிய அளவு குறைந்து நிலைத்த பிறகு பதிவது பலன் தரும். அந்தத் துல்லிய எண்ணையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். களத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது, செல்போன் கோபுரத்திலிருந்து அல்ல. ஓடிகே கலெக்ட், கோபோடூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலிகள் இணையமில்லாமலே புள்ளியையும் புகைப்படத்தையும் கேள்விகளுக்கான விடைகளையும் சேமித்துக்கொண்டு, பிறகு இணையம் கிடைத்ததும் அனுப்பிவிடும்.

ஐந்து மீட்டர் பிசகும் கருவியால் எதைச் செய்ய முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மடை எங்கே, கலங்கல் எங்கே என்று காட்டலாம். ஆக்கிரமிப்பு எல்லையை நிறுவ முடியாது. ஒரு வீட்டின் சுவர் ஏரிப் புறம்போக்குக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது சர்வேயர் அளந்து சொல்ல வேண்டியது. செல்போன் புள்ளிகளை இணைத்து எல்லைக்கோடு வரைந்து, அதைச் சான்றாக மனுவில் வைக்கும் குழு, தன் மற்ற நல்ல தரவுகளின் மதிப்பையும் சேர்த்து இழக்கும்.

எல்லை விஷயத்தில் கைகொடுப்பவை வருவாய்த்துறை ஆவணங்கள். கிராம வரைபடம், அ பதிவேடு, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய எஃப்எம்பி என்கிற புல வரைபடம் ஆகியவை முதன்மையானவை. எஃப்எம்பியில் அட்சரேகையோ தீர்க்கரேகையோ இருக்காது. ஜி லைன் என்று சர்வேயர்கள் சொல்லும் அடிக்கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்ற அளவுகளால் வயலின் மூலைகள் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கணினியில் பொருத்த, தாளிலும் தரையிலும் ஒருசேர அடையாளம் காணக்கூடிய இடங்கள் தேவை: அசையாத எல்லைக்கல், மூன்று கிராம எல்லைகள் கூடும் முச்சந்திக்கல், பழைய கோயிலின் மதில் மூலை. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இப்படி நான்கைந்து இடங்களைத் தாளிலும் தரையிலும் இணைத்துக் காட்டினால் மீதிப் படம் அதற்கேற்ப நீட்டிப் பொருந்தும். புள்ளிகள் படத்தின் நான்கு மூலைகளுக்கும் பரவியிருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் எதிர்ப்பக்கம் விலகிப்போகும்.

பழைய இந்திய நில அளவைத் துறை வரைபடங்களில் ஆயங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே எடுத்து ஜிபிஎஸ் புள்ளிகளோடு சேர்க்கக்கூடாது. இதற்கான காரணத்தின் வரலாறு சென்னையிலேயே தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து கிளம்பிய பெரும் முக்கோண அளவையின் வழியில், பூமியின் வடிவத்துக்கு 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த அளவுகளை இந்திய வரைபடங்கள் நெடுங்காலம் பின்பற்றின. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. இரண்டிலும் ஒரே எண்ணை எழுதினால் தமிழ்நாட்டில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். க்யூஜிஐஎஸ்ஸில் கோப்பைத் திறக்கும்போது எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று சரியாகச் சொன்னால் மாற்றத்தை அதுவே செய்துகொள்ளும். நூறு, இருநூறு மீட்டர் அளவுக்கு எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் விலகியிருந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

களத்திலிருந்து வந்த தகவல் ஓர் அட்டவணையில் சேரும். வரைபட வேலையின் தரம் பெருமளவு இந்த அட்டவணையில்தான் முடிவாகிறது. கவனம் மிகக் குறைவாகக் கிடைப்பதும் இதற்குத்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரிய ஏரி, ஒரு சித்தேரி. மாவட்டம் முழுக்கத் தாங்கல்களும் புதூர்களும். பெயரை மட்டும் நம்பினால் இரண்டு ஏரிகள் ஒன்றாகிவிடும். ஒரே ஏரி எழுத்து மாறி இரண்டாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது சிக்கல் கூடுகிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் நடமாடுவது இன்றும் தொடர்கிறது. ஆகவே ஒவ்வொரு ஏரிக்கும் மடைக்கும் குழுவே ஓர் எண் கொடுத்து, அதை எந்நாளும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். பெயர் வேறு கட்டத்தில், மக்கள் வழங்கும் மாற்றுப்பெயர் இன்னொரு கட்டத்தில், அரசு கிராம எண்ணும் சர்வே எண்ணும் தனித்தனிக் கட்டங்களில்.

தேதி இல்லாத ஏரித் தரவுக்குப் பொருளில்லை. வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பரில் நிறைந்து நிற்கும் ஏரி, மே மாதத்தில் ஆடு மேயும் தரையாக இருக்கும். இரண்டும் உண்மை. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-11-05 என்பதுபோல எழுதுவது பாதுகாப்பு. 05/11 என்று எழுதினால் எக்செல் அதை மே 11 என்றும் படிக்கக்கூடும். யார் பார்த்தது, யார் சொன்னது என்பதற்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். கண்ணால் கண்ட மடைக்கும், பெரியவர் ஒருவர் நினைவிலிருந்து காட்டிய, இப்போது மண்மூடிய மடைக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். இரண்டுமே மதிப்புள்ளவை.

தமிழில் எழுதும் குழுக்கள் யூனிகோடில் மட்டுமே எழுத வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பெயர்கள் இணைய வரைபடத்தில் பொருளற்ற குறிகளாக மாறும். யூனிகோடில் எழுதி, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை வடிவில் சேமித்த கோப்பையும் எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கோப்பு கெடவில்லை, திறந்த முறைதான் தவறு. தரவை இறக்குமதி செய்யும் வழியாக, யுடிஎஃப் 8 என்று தேர்ந்து திறந்தால் சரியாகத் தெரியும். சிதைந்து தெரியும் நிலையிலேயே சேமித்துவிட்டால்தான் உண்மையான இழப்பு.

புள்ளிகளுக்குச் சிஎஸ்வி போதும். கோடும் பரப்பும் வந்துவிட்டால் ஜியோஜேசன். அரசு அலுவலகங்களிலிருந்தும் ஆய்வாளர்களிடமிருந்தும் வருவது பெரும்பாலும் ஷேப்ஃபைல். அது ஒரே கோப்பு அல்ல, ஒரே பெயரில் குறைந்தது மூன்று கோப்புகள். ஒன்றை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினால் திறக்காது. கட்டங்களின் தலைப்பைப் பத்து எழுத்துக்கு மேல் அது ஏற்காது என்பதால், அதிலிருந்து வந்த தரவில் வெட்டுப்பட்ட தலைப்புகள் இருந்தால் மூலத்தைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இனி திரை. இணைய வரைபடம் ஒரே பெரிய படமல்ல. 256 புள்ளிக்கு 256 புள்ளி அளவுள்ள சதுரத் துண்டுகளின் அடுக்கு. இவற்றை டைல் என்பார்கள். சுழியம் என எண்ணப்படும் முதல் நிலையில் உலகம் முழுவதும் ஒரே டைலில். அடுத்த நிலையில் நான்கு, அதற்கடுத்து பதினாறு. தெருக்கள் வீடு வீடாகத் தெரியும் 18ஆம் நிலையில் உலகுக்கு 6,871 கோடிக்கும் மேற்பட்ட டைல்கள். பார்ப்பவர் திரைக்கு அதில் சிலவே தேவை என்பதால் அவை மட்டும் இறங்கும்; கிராமத்து இணைய வேகத்திலும் வரைபடம் திறப்பது இதனால்தான். அடியில் இந்த டைல்கள், மேலே குழுவின் ஜியோஜேசன், அதைத் தொட்டால் விரியும் விவரக்கட்டம். இணைய வரைபடத்தின் அமைப்பு அவ்வளவே.

டைல்கள் மெர்கேட்டர் என்ற தட்டை வடிவத்தில் வரையப்படுகின்றன. துருவங்களை நோக்கிப் போகப் போக இடங்கள் பெரிதாகத் தெரியும் வடிவம் அது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, பரப்பளவில் தெரியும். அந்தத் தட்டைக் கணக்கிலேயே ஏக்கர் கணக்கிட்டால் சென்னைப் பகுதியின் 100 ஏக்கர் ஏரி ஏறத்தாழ 105 ஏக்கராகவும், கன்னியாகுமரிப் பகுதியின் 100 ஏக்கர் குளம் 102 ஏக்கராகவும் வரும். நீர்ப்பரப்பு சுருங்கியதைப் பற்றி வழக்காடும் குழுவுக்கு ஐந்து ஏக்கர் சிறிய விஷயமல்ல. பரப்பளவை யுடிஎம் என்ற கணக்குக்கு மாற்றி அளக்க வேண்டும். தமிழ்நாடு அதில் இரண்டு மண்டலங்களில் விழுகிறது: 78 பாகைக்குக் கிழக்கே சென்னை, தஞ்சாவூர், மதுரை 44ஆம் மண்டலம், மேற்கே கோயம்புத்தூர் 43ஆம் மண்டலம்.

நிரல் எழுதத் தெரியாத குழு யூமேப்பில் தொடங்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் இயங்கும் அந்த இலவசத் தளத்தில் சிஎஸ்வியோ ஜியோஜேசனோ ஏற்றி, நிறம் தேர்ந்து, இணைப்பைப் பகிர்ந்தால் வரைபடம் தயார். குழுவில் ஒரு கல்லூரி மாணவருக்கு ஓரளவு நிரலறிவு இருந்தால் லீஃப்லெட். உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்ட சிறிய, திறந்த நிரல்தொகுப்பு அது. பத்துப் பதினைந்து வரிகளில் ஒரு வரைபடம் எழும்பும். ஆய்வு, திருத்தம், அளவீடு எல்லாம் க்யூஜிஐஎஸ்ஸில். இந்த மூன்றுக்கு மேல் முதல் ஓராண்டில் எதுவும் தேவைப்படாது.

எந்தக் கருவியானாலும் மூலத் தரவு குழுவின் கையில், திறந்த கோப்பு வடிவில் இருக்க வேண்டும். 2009இல் கூகுள் தொடங்கிய ஃப்யூஷன் டேபிள்ஸ் சேவையில் உலகெங்கும் பலர் வரைபடங்கள் கட்டினார்கள். 2019 டிசம்பரில் அது மூடப்பட்டது. கூகுள் மேப்ஸை நிரல் வழியாகத் தங்கள் தளத்தில் பதித்திருந்தவர்கள் 2018 முதல் கட்டணக் கணக்கு இணைக்க வேண்டியதாயிற்று. சிஎஸ்வியும் ஜியோஜேசனும் வைத்திருந்தவர்களுக்கு வேறு கருவிக்கு மாறுவது சில நாள் வேலை. வரைபடம் மட்டுமே தரவு என்று இருந்தவர்களுக்கு எல்லாம் முதலிலிருந்து.

கால மாற்றத்தைக் காட்ட விரும்பும் குழுவுக்குச் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே உள்ளன. ஐரோப்பாவின் சென்டினல் 2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கொருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களிலிருந்து, 1984 முதல் எந்த இடத்தில் எத்தனை காலம் தண்ணீர் நின்றது என்று கணக்கிட்ட உலக நீர்ப்பரப்பு வரைபடம் ஒன்று ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டிருக்கிறது. இவற்றை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆகாயத்தாமரை மூடிய ஏரி மேலிருந்து பார்த்தால் பச்சை வயல்போலத் தெரியும். சீமைக்கருவேலம் அடர்ந்த நீர்ப்பரப்பு காடுபோலத் தெரியும். ஏரிகள் நிரம்பும் நவம்பரில் மேகம் மறைக்கும். அத்தகைய மழை மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் எடுக்கும் சென்டினல் 1 உதவும். களத்தில் எடுத்த, தேதியுள்ள புகைப்படம் பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பங்கள் பெரும்பாலும் தீரும்.

ஊர்ப் பெயர்கள், கால்வாய்கள், கலங்கல்கள் ஆகியவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேர்ப்பது பொதுநன்மை. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்தத் திறந்த உலக வரைபடத்தில் தமிழ்ப் பெயருக்கென்றே தனி இடம் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடம் விரைவாக எழும்ப முடிந்ததற்குக் காரணம், தெருக்கள் ஏற்கெனவே இதில் வரையப்பட்டிருந்ததுதான். இரண்டு விதிகளை மீறக்கூடாது. கூகுள் மேப்ஸிலிருந்து பார்த்து எதையும் இதில் நகலெடுக்கக்கூடாது. இதன் தரவையோ டைல்களையோ பயன்படுத்தும் வரைபடத்தின் ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற குறிப்பு இருந்தே ஆக வேண்டும். நன்கொடையில் நடக்கும் அதன் டைல் வழங்கியிலிருந்து மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்வதும் தடை.

எல்லாத் தகவலும் வெளியிடத் தக்கதல்ல. ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு இடமில்லாதவர்கள். அவர்கள் பெயரும் வீட்டுப் புள்ளியும் பொது வரைபடத்தில் ஏறினால், நீர்ப்பிடிப்பைக் காக்க எடுத்த வேலை ஒரு குடும்பத்தை முன்னறிவிப்பின்றி வெளியேற்ற உதவும் பட்டியலாகிவிடும். குழுக்கள் இதில் உறுதியாக இருக்க வேண்டும்: கட்டமைப்பின் பழுது வெளியே, மனிதர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ளே. தகவல் சொன்ன பெரியவரின் பெயரையும் அவர் ஒப்புதலோடு மட்டுமே எழுதலாம். பறவைகள் கூடு கட்டும் இடங்களைத் துல்லியமாகக் காட்டாமல் ஏரியின் பெயரோடு நிறுத்துவது முறை. செல்போன் புகைப்படங்களுக்குள்ளேயே எடுத்த இடத்தின் ஆயம் பதிவாகியிருக்கக்கூடும். உறுப்பினர் வீட்டில் எடுத்த படத்தை வெளியிடும் முன் அந்த ஆயத்தை நீக்க வேண்டும்.

பராமரிப்புக்கு ஆண்டில் இரண்டு நடை போதும்: மழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, நிரம்பிய பின் ஜனவரியில் ஒன்று. பழைய பதிவை அழித்து மேலெழுதாமல், அதே எண்ணுக்குப் புதிய தேதியில் புதிய வரி சேர்க்க வேண்டும். மூலக் கோப்பின் நகல் குழுவைச் சேர்ந்த இருவர் கணினியிலும், ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: ஒவ்வொரு கட்டமும் எதைக் குறிக்கிறது, எந்த ஆயக் கணக்கு, எந்தக் கருவி, யார் அனுமதியுடன் எது வெளியிடப்பட்டது. குழுவின் பொறுப்பாளர்கள் மாறும்போது கடவுச்சொற்களோடு கைமாற வேண்டிய முதல் தாள் அது.